துங்கபத்திரையின் நீரும் பாறைகளும்



அணைக்கட்டு என்று சொன்ன மாத்திரத்தில் பெங்களூரில் வாழும் நமக்கு ஞாபகம் வருவது கிருஷ்ணராஜ சாகரமும் அதன் காலடியில் விரிந்திருக்கும் பிருந்தாவன உத்தியானமுமே ஆகும். நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடமோ அத்தகைய பசுமையான தேசம் அன்று. மழை பொய்ப்பதே வழக்கமாய், வெயில் காய்வதே இயற்கையாய், பாறைமேல் பாறை ஏறிக் குன்றுகளாய் நிற்கும் பல்லாரிச் சீமையிலே, மனித யத்தனத்தால் உண்டான ஒரு சமுத்திரம் போலக் கிடக்கும் துங்கபத்திரை ஜலாசயத்தையும், அதைச் சுற்றியுள்ள மலைகளில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்கள் தீட்டியும் கொத்தியும் வைத்த சித்திரங்களையும் பற்றியே பேசப்போகிறேன்.

விடுமுறை நாட்களில் நம் இளைஞர்கள் அந்தப் பக்கம் ஏராளமாகச் செல்கிறார்கள். நீரில் பரிசல் ஏறுவதும், வெட்டவெளியில் கூடாரம் அடித்து இராத் தங்குவதும், நேரமிருந்தால் ஏதோ ஒரு பாறை ஓவியத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுமாக அந்தப் பிரயாணம் முடிந்துவிடுகிறது. இம்மூன்றையும் நகரவாசிகள் நேற்றுக் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்றே பலர் கருதுகிறார்கள். ஆனால் நீரைக் கடப்பதும், வெளியில் பட்டி போட்டுத் தங்குவதும், பாறையில் எழுதுவதும் அந்த மண்ணின் பூர்வீகத் தொழில்கள். அங்கே போகிறவர் அறிந்தோ அறியாமலோ அந்நாட்டின் ஆதிக் குடிகளுடைய வாழ்க்கையையே ஓரிரு நாள் வாழ்ந்துவிட்டு வருகிறார். இதை அறிந்துகொண்டு போகவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முதலில் அந்தப் பாறைகளுக்கும் நமக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து மைசூர்ப் பாதையில் போகும்போது இராமநகரத்தில் செங்குத்தாக எழும்பி நிற்கும் குன்றுகளைப் பார்க்காதவர் உங்களில் இருக்கமாட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அவ்வூருக்குக் குளோஸ்பேட்டை என்று பெயர். அப்பெயரையே பூகர்ப்ப சாஸ்திரிகள் அந்தக் கருங்கல்லுக்கும் இட்டு, 'குளோஸ்பேட்டைக் கருங்கல்' என்று வழங்குகிறார்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் அடியிலிருந்து குழம்பாய்க் கிளம்பி உறைந்த அந்தக் கல், நமக்குத் தெற்கேயிருந்து தொடங்கி வடக்கே நானூறு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு ஒடுங்கிய பட்டையாக நீண்டு, ஹம்பியையும் ஆனைக்குந்தியையும் தாண்டிப் போகிறது. ஆகவே இரவு பெங்களூரில் ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலையில் பல்லாரியையும் பிறகு ஹொஸ்பேட்டையையும் அடையும் பிரயாணி, அந்நியமான ஒரு தேசத்துக்குப் போய்விடவில்லை. நம் வாசலில் தொடங்கும் ஒரே கல்லின் மறுகோடிக்கே போய்ச் சேருகிறார்.

ஆனால் அந்த மறுகோடியில் மழை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மேகங்களை மறித்துக்கொண்டுவிடுவதால், துங்கையும் பத்திரையும் உற்பத்தியாகும் இடத்தில் வானம் பிளந்ததுபோலப் பெய்யும் மழை, அவை ஒன்றுகூடிக் கிழக்கே வரும் பல்லாரிச் சமவெளியில் வருஷத்துக்கு ஐந்நூறு மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. பாலை என்பது மணல் பரந்த இடம் மட்டும் அன்று, வளம் குன்றிய முல்லையும் குறிஞ்சியுமே பாலையாகும் என்று கொண்ட தமிழ் மரபினருக்கு இந்தச் சீமையைப் பாலை என்று அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் இராது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகக் கொடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் பல்லாரி ஒன்று. பெரிய நதி ஒன்று கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்க, அதன் கரையிலிருந்த ஜனங்கள் தானியமின்றி மடிந்தார்கள் என்பது நினைக்க நினைக்க நெஞ்சை அறுக்கும் செய்தி.

அந்த நதியைத் தடுத்து வயல்களுக்குத் திருப்பவேண்டும் என்ற யோசனையை 1860-லேயே சர் ஆர்தர் காட்டன் சொல்லியிருந்தார். யோசனை கல்லாக எழும்ப எண்பத்தைந்து வருஷம் ஆயிற்று. ஆற்றின் ஒரு கரை நிஜாமின் ஹைதராபாத்துக்கும் மறு கரை சென்னை மாகாணத்துக்கும் உரியதாய் இருந்ததால், இரண்டு அரசுகளும் இணங்கி 1945 பிப்ரவரி 28-ல் அஸ்திவாரமிட்டன. 1953-ல் நீர் தேங்கியது. அதே வருஷம் அக்டோபர் முதல் தேதியன்று பல்லாரியும் சென்னையிலிருந்து பிரிந்து மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. சென்னை மாகாணத்தின் சார்பில் இந்த வேலையை நடத்தியவர் திருமலை அய்யங்கார் என்ற பொறியாளர் என்பதையும், அவர் பெயரைச் சொல்பவர் இன்று நம்மிடையே மிகச் சிலரே என்பதையும் இந்தச் சபையில் குறிப்பிடாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, 33 மதகுகளோடு, அந்தப் பிரதேசத்துக் கல்லையே உடைத்து, சுர்க்கி என்னும் செங்கற்பொடி சேர்ந்த காரை வைத்து இழைத்த கட்டடம் அது. நமது முல்லைப்பெரியாற்று அணையும் சுர்க்கியால் நின்றதே.

இந்தக் கீர்த்திக்கு ஒரு விலையும் உண்டு. தேங்கிய நீரின் அடியில் ஏறக்குறைய தொண்ணூறு கிராமங்கள் மறைந்தன. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசல்களை விட்டு எழுந்து போனார்கள். நாராயணதேவரகெரே என்னும் ஊர் இப்போது நீருக்குள் இருக்கிறது. முந்நூற்றெழுபது சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து, எதிர்க்கரை தெரியாமல் அலையடிக்கும் அந்த நீர்ப்பரப்பின் அழகை அனுபவிக்கப் போகிறவர்கள், அது யாருடைய நிலத்தின்மேல் அலையடிக்கிறது என்பதை ஒரு நிமிஷமாவது நினைப்பது தர்மம். தவிரவும், அந்த நீர் சாசுவதமும் அன்று. ஆதியில் 133 டி.எம்.சி. கொண்ட நீர்த்தேக்கம், ஆண்டுதோறும் வண்டல் படிந்து, இப்போது ஏறக்குறைய 105 டி.எம்.சி.க்குச் சுருங்கிவிட்டது. 2024 ஆகஸ்டு 10-ஆம் தேதி இரவு சங்கிலி அறுந்து பத்தொன்பதாம் மதகு அடித்துச் செல்லப்பட்டபோது, இரண்டு மூன்று மாநிலங்களின் விவசாயிகள் தூக்கமின்றித் தவித்தார்கள். பெருகிப் பாயும் நீரிலேயே தற்காலிகக் கதவை இறக்கி அடைத்த கன்னையா நாயுடு என்ற முதிய பொறியாளரையும் அவருடன் நின்ற தொழிலாளரையும் நாடு நன்றியோடு நினைக்கவேண்டும்.

நீரைச் சிறைபிடிக்கும் முயற்சி அங்கே இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியதும் அன்று. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்னும் போர்த்துகீசியர், இரண்டு மலைகளுக்கு நடுவே ராயர் கட்டுவித்த பேரேரியையும், அதில் ஆயிரக்கணக்கானோர் மண் சுமந்ததையும், கரை திரும்பத் திரும்ப உடைந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். ராயகெரே என்ற அந்த ஏரியின் கரைமேல்தான் இன்று ஹொஸ்பேட்டையிலிருந்து தெற்கே போகும் பாதை செல்கிறது. ராயர்கள் வெட்டிய கால்வாய்கள் சிலவோ இன்னும் உயிரோடு ஓடி, ஹம்பியின் வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நீர் ஊட்டுகின்றன.

அதே பயஸ்தான் நம் பரிசலுக்கும் சாட்சி. ஆனைக்குந்திக்கு ஆற்றைக் கடக்கும் ஜனங்கள், கூடைபோல் வட்டமாய், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாய் அமைந்த ஓடங்களில் ஏறிச் சென்றதையும், குதிரைகளும் எருதுகளும்கூட அவற்றில் கடத்தப்பட்டதையும் அவர் வர்ணித்திருக்கிறார். இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன. கூடைப் பின்னலும் வட்ட வடிவமும் ஒற்றைத் துடுப்பும் மாறவில்லை. கன்னடத்தார் இதைத் தெப்ப என்கிறார்கள். ஒகேனக்கலில் பரிசல் ஏறியவருக்கு அது புதிதாயிராது. அணையின் இடதுகரைக் கால்வாயை ஒட்டி, ஆனைக்குந்திக்கு அருகே உருண்டைப் பாறைகளின் நடுவில் தேங்கி நிற்கும் சாணாபுரத்து ஏரியில் மாலை வெயில் சாயும் நேரத்தில் பரிசலில் போவது போன்ற சுகம் வேறு இல்லை என்று தாராளமாய்ச் சொல்லுவேன். ஆனால் அது கால்வாயின் நீர். மேலே கண்ணாடிபோல் அசையாதிருந்தாலும் கீழே இழுப்பு உண்டு. மிதவைச் சட்டை அணியாமல் ஏறுவதும், பாறையிலிருந்து குதிப்பதும், ஓடக்காரர் வேண்டாமென்று சொல்லும் இடத்துக்குப் போகச் சொல்லி வற்புறுத்துவதும் உயிரோடு விளையாடுவதாகும். துங்கபத்திரையில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. ஆற்றின் ஒரு பகுதியை 2015-ல் கர்நாடக அரசு நீர்நாய்களுக்கென்றே காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் நீர்நாய்க்கென்று ஏற்பட்ட முதற் காப்பகம் அதுவே. ஓசையின்றிக் காத்திருப்போருக்கு அவை தரிசனம் தருவதுண்டு.

இனிக் கூடாரத்துக்கு வருவோம். பல்லாரியிலிருந்து ஹொஸ்பேட்டைக்குப் போகும் பாதையில் குடத்தினி என்ற ஊருக்கருகே ஒரு சாம்பல் மேடு இருக்கிறது. வட கர்நாடகத்திலும் அதை அடுத்த ஆந்திரப் பகுதியிலும் இத்தகைய மேடுகள் பல உண்டு. இவை எரிமலையின் எச்சம் என்றும், ராட்சசரை எரித்த சாம்பல் என்றும், யாகசாலைகள் என்றும் பலர் பலவாறு கூறிவந்தபோது, இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் அறிஞர், இவை ஆதிகால மனிதர் தம் மாடுகளை அடைத்துவைத்த பட்டிகள், அங்கே குவிந்த சாணத்தை எரித்ததனால் விளைந்தவை என்று ஊகித்தார். 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, பாரத நாட்டின் பழங்கற்கால ஆராய்ச்சிக்குத் தொடக்கம் செய்தவர் இவரே. இவர் திரட்டிய கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் ஆல்சின் என்ற ஆங்கிலேய அறிஞர் உட்னூரில் அகழ்ந்து பார்த்து, சாம்பலின் அடியில் மாட்டுக் குளம்புகளின் சுவடுகளையே கண்டு, ஃபூட்டின் ஊகத்தை நிலைநாட்டி 1963-ல் ஒரு நூல் எழுதினார்.

இதன் பொருளைச் சற்று யோசியுங்கள். கிறிஸ்துவுக்கு முன் மூவாயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு வரையில், அந்த ஜனங்கள் பருவத்துக்குப் பருவம் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து, நீரும் புல்லும் உள்ள இடத்தில் வேலி அடைத்துத் தங்கி, சாணம் குவித்து, ஏதோ ஒரு நாளில் அதற்குத் தீ மூட்டினார்கள். திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்ததனால்தான் சாம்பல் மலைபோல வளர்ந்தது. அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை போட்டு இரவெல்லாம் காவல் காக்கும் குறும்பர்களை இன்றும் அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கரிசல் காட்டிலும் கிடை போடும் வழக்கம் மறையவில்லை. நட்சத்திரங்களின் கீழே அந்தக் கிடைக்குப் பக்கத்தில் ஒரு இரவு படுத்திருந்தவருக்கு, அந்தப் பூமியில் கூடாரம் என்பது எத்தனை பழைய விஷயம் என்று யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

பட்டியில் மாடு வளர்த்தவர்களே பாறையில் மாட்டை எழுதினார்கள். பல்லாரிக்கு அருகே சங்கனகல்லு, குப்கல் என்ற ஊர்களை ஒட்டி ஒரு பெரிய குன்று இருக்கிறது. வெளுத்த கருங்கற் குன்றின் நடுவே, கன்னங்கரேலென்று ஒரு வேறு கல் நாடாப்போல ஓடுகிறது. டாலரைட் என்பது அதன் பெயர். வயசான அந்தக் கல்லின் மேற்றோல் கறுத்திருக்கும். மற்றொரு கல்லால் கொத்தினால் உள்நிறம் வெளுப்பாய்த் தெரியும். அப்படிக் கொத்திக் கொத்தியே, நீண்டு வளைந்த கொம்பும் உயர்ந்த திமிலும் உடைய எருதுகளையும், கைகோத்து நிற்பவர்போலும் ஆடுபவர்போலும் தோன்றும் மனிதரையும், காலடித் தடங்களையும் நூற்றுக்கணக்கில் வரைந்திருக்கிறார்கள். 1892-ல் ஃபாசெட் என்பவர் இவற்றைப் பற்றிய செய்தியை உலகுக்கு வெளியிட்டார். தொட்டபள்ளாப்பூருக்குப் பக்கத்தில் காட்டி சுப்பிரமணியாவில் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போய் ஹள்ளிகார் எருதுகளின் கொம்பழகைக் கண்டவர்கள், குப்கல் பாறைமேல் நிற்கும் எருதுகளைத் தங்கள் பழைய பரிச்சயக்காரர்போல் கண்டுகொள்வார்கள்.

அங்கே இன்னுமோர் அதிசயம் உண்டு. சித்திரங்களுக்கு நடுவில் சில பாறைகளில், கையால் இடித்து இடித்து உண்டானவைபோலக் குழிகள் காணப்படுகின்றன. கருங்கல் துண்டால் அந்தக் குழியில் தட்டினால் பாறை வெண்கல மணிபோல ஒலிக்கிறது. நிகோல் பாய்வின் என்ற ஆராய்ச்சியாளரும் அவரைச் சேர்ந்தவர்களும் 2004-ல் இதை எழுதியபோது, நம்மவர் பலர் முதன்முறையாக அதை அறிந்தார்கள். ஊர்க்காரர்களோ என்றோ அறிந்திருந்தார்கள். சித்திரம் தீட்டிய இடத்தில் நாதமும் எழுந்தது என்றால், அது கண்காட்சி மண்டபமாக இருந்திருக்க முடியாது. கூட்டம் கூடி, பாட்டும் ஆட்டமுமாய் ஏதோ ஒரு சடங்கு நடந்த ஸ்தலமாகவே இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதே குன்றின்மேல் கற்கோடரி செய்யும் பட்டறையும் இருந்தது. கீழே கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியமும் விளைவித்தார்கள். நம் வீட்டில் இன்று கொதிக்கும் கொள்ளு ரசத்தின் வம்சாவளி அந்தக் குன்றின் அடிவாரம் வரையில் போகிறது.

ஆற்றின் வடகரையில், கொப்பள் ஜில்லாவில், ஹிரே பெணகல் இருக்கிறது. அங்கே போக வண்டிப் பாதை கிடையாது. பாறைகளின் ஊடே ஏறித்தான் போகவேண்டும், அப்படியே இருப்பதும் நல்லது. மலையுச்சியில், ஒரு சுனையை ஒட்டி, பலகைக் கற்களால் எழுப்பிய கல்வீடுகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. நானூறு அளவில் எண்ணியிருக்கிறார்கள். சிலவற்றின் சுவரில் வட்டமான துவாரம் இருக்கிறது. இரும்புக் காலத்து மக்கள், கிறிஸ்துவுக்கு முன் எண்ணூறிலிருந்து இருநூறு வரையில், இறந்தோருக்காக எழுப்பிய நகரம் அது. ஊரார் அதை மோரியர் குட்டா என்கிறார்கள். குள்ள மனிதர் கட்டியது என்பது ஐதிகம். பழனி மலைப்பக்கத்தில் இத்தகைய கல்லறைகளைக் குள்ளர் வீடு என்று நம்மவர் வழங்குவதை இதனோடு வைத்துப் பாருங்கள். 1835-ல் மெடோஸ் டெய்லர் இவ்விடத்தைப் பார்த்து எழுதினார். 2021-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இது இடம் பெற்றது. உச்சியில் ஒரு பாறையின்மேல் பேரிகைபோல் அரைக்கோள வடிவான கல் ஒன்று இருக்கிறது. அடித்தால் வெகுதூரம் கேட்கும். பக்கத்துக் குகைகளில் செங்காவியால் தீட்டிய மனிதரும் மான்களும் எருதுகளும் இன்னும் நிறம் மாறாமல் இருக்கிறார்கள். செங்காவி என்பது இரும்புத் துருவே. அந்த நாட்டின் மண்ணெல்லாம் இரும்பு.

இப்பொழுது என் மனத்தை வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். எகிப்தில் அஸ்வான் அணை எழும்பியபோது, உலகமே திரண்டு அபு சிம்பெல் கோயிலை 1964 முதல் 1968 வரையில் துண்டு துண்டாய் அறுத்து மேட்டில் மீண்டும் நிறுவியது. நம் நாட்டிலும் நாகார்ஜுனகொண்டாவை வெள்ளம் மூடுமுன் 1954 முதல் 1960 வரை அகழ்ந்து, முக்கியமானவற்றைத் தீவாகிவிட்ட மலையுச்சிக்கு ஏற்றினார்கள். இன்றும் படகேறித்தான் அவற்றைப் பார்க்கப் போகிறோம். போர்த்துகல்லில் கோவா என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழங்கால விலங்குச் சித்திரங்கள் வெளிப்பட்டபோது, பள்ளிப் பிள்ளைகள்கூட வீதிக்கு வந்து கேட்டதன் பேரில், 1995-ல் அந்த அரசு கட்டத் தொடங்கிய அணையையே நிறுத்திவிட்டது. நீரால் வரும் ஆபத்து பெரிதாகக் கண்ணுக்குத் தெரிவதால் உலகம் விழித்துக்கொள்கிறது. குப்கலுக்கு வந்த ஆபத்தோ வேட்டும் உளியுமாக வந்தது. ஜல்லிக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் அந்தக் குன்றை உடைத்தார்கள், ஆராய்ச்சியாளர்கள் முறையிட்டார்கள், அதற்குள் போனது போய்விட்டது. நாம் வசிக்கும் இந்த நகரம் நாளுக்கு நாள் கல்லை விழுங்கிக்கொண்டே வளர்கிறது என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் மறக்கக் கூடாது. ஹிரே பெணகலில் புதையல் தேடுவோர் கல்வீடுகளைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். நிறம் பளிச்சென்று தெரிவதற்காகச் சித்திரத்தின்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள், சுண்ணக்கட்டியால் கோட்டைத் தடவி எடுப்பாக்குகிறார்கள், குகைக்குள் அடுப்பு மூட்டிப் புகை படியவிடுகிறார்கள், பெயரைக் கீறுகிறார்கள். ஒவ்வொரு துளி நீரும் ஒரு படலம் காவியைக் கரைக்கிறது. மூவாயிரம் வருஷம் வெயிலும் மழையும் தொடாமல் விட்டதை ஒரு நிழற்படத்துக்காக நாம் அழிப்பது எவ்வகையிலும் சகிக்கத்தக்கதன்று.

ஆகையால் போகிறவர்கள் முன்பனிக் காலத்தில் போங்கள். அப்போது வெயில் பொறுக்கத்தக்கதாய் இருக்கும். மே மாதத்தில் பாறைகள் நெருப்பாய்க் கொதிக்கும். மலைகளில் கரடியும் சிறுத்தையும் உண்டு. 1994-ல் ஏற்பட்ட தரோஜிக் கரடிச் சரணாலயம் வெகு சமீபத்தில் இருக்கிறது. ஆகவே இருட்டியபின் குன்றுகளில் அலையவேண்டாம். குகையில் படுக்கவே வேண்டாம். ஊருக்குள் அனுமதி பெற்ற இடத்தில் தங்கி, அவ்வூர்க்காரர் ஒருவருக்குத் தக்க ஊதியம் கொடுத்து வழிகாட்டியாக அழைத்துச் செல்லுங்கள். அத்தனை தூரம் போக இயலாத முதியவர்களுக்கு ஒரு வழி சொல்லுகிறேன். ஓசூர்ப் பாதையில் போனால், சூளகிரிப் பக்கத்து மல்லசந்திரத்தில் கல்வீடுகளையும், பர்கூரை அடுத்த மல்லப்பாடியில் வெண்ணிறச் சித்திரங்களையும், 1957-ல் காமராஜர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி அணையையும் ஒரே பகலில் பார்த்துத் திரும்பலாம். நீரும் கல்லும் சித்திரமும் சேர்ந்த அந்தச் சேர்க்கை அங்கேயும் சிறிய அளவில் இருக்கிறது.

ஹொஸ்பேட்டை வரை போகிறவர்கள் திரும்பும்போது நேரே ரயிலேறிவிடாமல், ஒரு பகலைப் பல்லாரிக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியர் ரவி கோரிசெட்டர் முதலானோரின் உழைப்பால் உருவாகி, புரூஸ் ஃபூட்டின் பெயர் தாங்கி நிற்கும் தொல்பொருட் காட்சிசாலை அங்கே இருக்கிறது. குன்றில் வெயிலில் தனித்தனியே பார்த்த கோடரியும் அம்மியும் பானை ஓடும் அங்கே காலவரிசைப்படி அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. காலையில் அதைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் சங்கனகல்லுக்குப் போய்வரலாம். பெங்களூருக்கு வரும் வண்டி இரவில்தான் பல்லாரியைத் தொடுகிறது.